சுடாத துப்பாக்கியின் நினைவு

(பலாங்கொடையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய பழைய ‘டிவி கேம்’ பெட்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது. திரையில் பறக்கும் வாத்துகளை அதைக் கொண்டு சுட்டு விளையாடினார்கள். இன்று நடுவயதை எட்டியிருக்கும் பலர் அந்தத் துப்பாக்கியை ஏக்கத்தோடு நினைக்கிறார்கள். பெரியவர்களின் பிள்ளைத்தனம் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. உண்மையாகவே நேர்ந்த ஓர் இழப்பை அந்த ஏக்கம் சரியாக உணர்ந்திருக்கிறது என்பதே என் வாதம். துப்பாக்கி, கண்ணாடிக் குழாய் வைத்த தொலைக்காட்சிப் பெட்டி, அதைச் சுற்றிக் கூடிய ஆட்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த விளையாட்டு நடந்தது. நடுவில் இருந்த பெட்டி போனதும் மற்ற இரண்டும் உறவற்றுப் போயின. ஆகவே இந்த நினைவைப் பெருமூச்சோடு விட்டுவிடாமல், பாதுகாக்கும் வேலையாகவும் கற்பிக்கும் வேலையாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தத் துப்பாக்கி செய்த வேலையைத் தெளிவாக்கிக்கொள்வோம். அதிலிருந்து எதுவும் வெளியே பாயவில்லை. குழலுக்குள் ஒரு வில்லை, அதன் பின்னால் ஒளியை உணரும் சிறு மின்னுறுப்பு, கொஞ்சம் மின்சுற்று, ஒரு விசை. இவ்வளவுதான் அதன் உடம்பு. பழைய தொலைக்காட்சியில் இலத்திரன் கற்றை ஒன்று திரையின் உட்பூச்சை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிவரியாகத் தடவிச் செல்லும். நம் நாடு ஏற்றுக்கொண்ட பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 50 முறை அது திரை முழுவதையும் கடக்கும்; வினாடிக்கு 15,625 வரிகளை வரையும். நம் கண்ணுக்கு முழுப் படம் தெரிகிறது. உண்மையில் எந்த நொடித்துளியிலும் பிரகாசமாக எரிவது ஒரு சிறு பகுதி மட்டுமே. விசையை இழுத்தவுடன் விளையாட்டுப் பெட்டி ஒரு படத்துக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டும். துப்பாக்கி முதலில் இருளையும் பிறகு ஒளியையும் கண்டால், குறி சரி. இரண்டு வாத்துகள் பறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படத்தில் கட்டம் காட்டப்படும். எந்தப் படத்தில் ஒளி தெரிந்தது என்பதைக் கொண்டு எந்த வாத்து விழுந்தது என்று பெட்டி முடிவுசெய்யும். இவை அனைத்தும் நாம் ஒரு மின்னலைப் போல மட்டும் உணரும் நேரத்துக்குள் நடந்து முடிந்தன.

இந்த முறையில் ஒரு நேர்மைச் சோதனையும் அடங்கியிருந்தது. 1972இல் அமெரிக்காவில் வெளியான மக்னவாக்ஸ் ஒடிஸி என்ற முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு நீளத் துப்பாக்கி தனியாக விற்கப்பட்டது. அதை மின்விளக்குக்கு நேரே பிடித்தாலும் குறி தப்பவில்லை என்றே பெட்டி எண்ணிக்கொள்ளும். பின்னால் வந்த, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்துத் துப்பாக்கியிடம் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. முதலில் வரும் கறுப்புப் படத்தின்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாதலால் பொய் வெளிப்பட்டுவிடும். அதற்கு மேல், வினாடிக்கு ஏறக்குறைய 15,000 முறை துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்கும்படி அதன் மின்சுற்று அமைந்திருந்தது. தொலைக்காட்சியின் வரிகள் துடிக்கும் வேகம் அதுதான். குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை மட்டுமே அடையாளம் காணும்படி அந்தத் துப்பாக்கி வளர்க்கப்பட்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்தின் பெரும் பகுதி இதன்மேல் நிற்கிறது.

இந்த நிலைக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1936இல் சீபர்க் என்ற அமெரிக்க நிறுவனம் ரே-ஓ-லைட் என்னும் வாத்துச் சுடும் விளையாட்டைக் கேளிக்கைக்கூடங்களுக்கு விற்றது. அதில் துப்பாக்கி ஒளியை வீசியது. வாத்தின் உடலில் இருந்த ஒளியுணர் குழாய் அதை வாங்கிக்கொண்டது. 1970இல் நிண்டெண்டோ பொம்மைத் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. ஷார்ப் நிறுவனத்தின் சார்பில் ஒளிமின்கலங்களை விற்க வந்த மசாயுகி உவெமுராவின் சரக்கைப் பார்த்து, மின்சாரம் எடுக்கவென்று செய்த அந்தக் கலத்தையே குறிப்பலகையாக வைக்கலாம் என்று நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் கண்டார். அங்கும் துப்பாக்கியே ஒளியை வீசியது. 1973இல் இதே எண்ணத்தைப் பெரிதாக்கி, வெறிச்சோடிய பௌலிங் கூடங்களில் ஒளித்துப்பாக்கிச் சுடுகளங்களை நிண்டெண்டோ அமைத்தது. அவ்வாண்டின் எண்ணெய் நெருக்கடி அந்த முயற்சியைச் சாய்த்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் திசை தலைகீழானது. ஒளியை வீசும் வேலையை வாத்து எடுத்துக்கொண்டது. துப்பாக்கி அதைப் பார்க்கத் தொடங்கியது. உவெமுரா பின்னர் நிண்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983 ஜூலையில் வெளிவந்த ஃபேமிகொம் பெட்டியை வடிவமைத்தார். 1984இல் அதற்காக வைல்ட் கன்மேன், டக் ஹண்ட், ஹோகன்ஸ் ஆலி என்ற மூன்று துப்பாக்கி விளையாட்டுகள் வந்தன. புதிய, விலை மிகுந்த தொழில்நுட்பம் எதுவும் அதில் இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த தொலைக்காட்சியின் இயல்பை ஆழமாகப் புரிந்துகொண்டு, மலிவான ஓர் உறுப்பைச் சரியான இடத்தில் வைத்தார்கள். இந்தச் சிந்தனையைத்தான் நம் பிள்ளைகள் கற்க வேண்டும்.

இனி இழப்புக்கு வருவோம். சோனி நிறுவனம் புகழ்பெற்ற தன் ட்ரினிட்ரான் குழாய்த் தொலைக்காட்சிகளின் உற்பத்தியை 2008இல் நிறுத்தியது. மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். தட்டைத் திரை படத்தை வாங்கி, பதப்படுத்திய பிறகே காட்டுகிறது. அந்தத் தாமதம் நமக்குத் தெரியாது; வெள்ளைக் கட்டத்தை உரிய நேரத்தில் எதிர்பார்க்கும் விளையாட்டுப் பெட்டிக்கோ அது மிக நீண்ட நேரம். தாமதத்தைச் சரிசெய்தாலும் பயனில்லை. வரிவரியாகத் தடவும் கற்றை அங்கே இல்லை. துப்பாக்கி தேடும் துடிப்பும் இல்லை. எந்தப் பழுதும் இல்லாத துப்பாக்கி, எந்தப் பழுதும் இல்லாத புதுத் தொலைக்காட்சியின் முன்னால் குருடாகிவிடுகிறது. பழைய பாட்டைப் புதிய கருவியில் கேட்கலாம். பழைய திரைப்படத்தைப் புதிய திரையில் பார்க்கலாம். இந்த விளையாட்டுக்கு அந்த வழி அடைபட்டது. அதனால்தான் இதைப் பற்றிய ஏக்கத்தைச் சாதாரண இளமை நினைவுகளோடு சேர்த்து எண்ணக்கூடாது என்கிறேன். இளமை எல்லோருக்கும் போகிறது. இங்கே இளமையோடு ஓர் அறிவும் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் நமக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். இதுதான் முதல் மறுப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மின்சாரமே பிந்தி வந்தது; கூலிக்கும் கடனுக்கும் நடுவே வாழ்ந்த குடும்பங்கள் ஜப்பானிய விளையாட்டுப் பெட்டிக்கு எங்கே போவது, இது நகரத்து வசதியுள்ளோரின் நினைவு அல்லவா என்பது நியாயமான கேள்வி. விடைக்கு, நடந்ததைப் பார்ப்போம். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது; ஜப்பானின் உதவியோடு 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. மின்கம்பி எட்டாத கிராமங்களில் கார் பற்றரியை நகரத்துக்குத் தூக்கிச் சென்று சார்ஜ் ஏற்றி, சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். நம் பகுதிக்கு வந்தது நிண்டெண்டோவின் அசல் பெட்டியும் அன்று. தைவானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்களே தெற்காசியச் சந்தைகளை நிறைத்தன. ரஷ்யாவில் டெண்டி என்றும், போலந்தில் பெகாசஸ் என்றும் பெயர் பெற்றவை இதே குடும்பத்துப் பெட்டிகள். ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் உண்டென்று அட்டையில் அச்சிட்டு, உள்ளே சிலவற்றையே திரும்பத் திரும்ப வைத்த கேசட்டுகள் அவற்றோடு வந்தன. அந்தச் சிலவற்றுள் வாத்துச் சுடும் விளையாட்டு பெரும்பாலும் இருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் அது இயங்கக்கூடியது. துப்பாக்கி தேடியது வெளிச்சத்தை, நிறத்தை அல்ல. மலிவான நகலும் பழைய பெட்டியும் சேர்ந்து, அசலை விற்றவர்கள் எண்ணிப்பாராத வீடுகளுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தன.

வீட்டுக்கு ஒன்று இல்லாததே இந்த நினைவுக்கு அதன் குணத்தைத் தந்தது என்பேன். பெட்டி ஒரு வீட்டில் இருக்கும், ஆட்கள் பல வீடுகளிலிருந்து வருவார்கள். இந்த விளையாட்டை நின்றபடி, கையை நீட்டி, எல்லோரும் பார்க்க ஆட வேண்டும். குறி தவறியதைக் கூட்டம் உடனே காணும். டக் ஹண்டில் ஒரு வாத்து மட்டும் பறக்கும் ஆட்டத்தில், மற்றொருவர் இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து அந்த வாத்தை விரும்பியபடி பறக்கவிடலாம். ஒருவர் சுட, இன்னொருவர் தப்பிக்க, மற்றவர்கள் ஆரவாரிக்க இடம் இருந்தது. துப்பாக்கியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பிள்ளையின் நினைவும் முழுமையான நினைவுதான். சொந்தமாக வைத்திருந்தவருக்கு மட்டுமே நினைக்கும் உரிமை உண்டென்றால், மலையக மக்களுக்கு எதைத்தான் நினைக்க உரிமை இருக்கும்? தாங்கள் பயிரிட்ட நிலமும் தாங்கள் படுத்த காம்பராவும்கூட அவர்கள் பெயரில் இருந்ததில்லை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோட்ட மக்களின் வரலாறு பெரும்பாலும் பிறர் வைத்த கணக்குகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. செக்ரோல் என்னும் தோட்ட வேலைப் பதிவேட்டில் பெயர் உண்டு, வேலை நாள் உண்டு, பறித்த கொழுந்தின் நிறை உண்டு. மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது இந்த வெற்றிடத்தைத்தான் நிரப்பினார். பாட்டைத் தொகுத்தவரின் வழியில் விளையாட்டையும் தொகுப்பது முறையே. பிளாஸ்டிக்கில் செய்த நகல் பொருள் என்பதற்காக அது நம் வாழ்வின் பகுதியாக இல்லாமற் போய்விடாது.

இரண்டாவது மறுப்பு மிகக் கனமானது. அதைத் தாண்டிச் செல்ல எனக்கு மனமில்லை. துப்பாக்கியை ஏக்கத்தோடு நினைப்பது இந்த நாட்டில் தகுமா? ஃபேமிகொம் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த அதே மாதத்தில்தான் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை நடந்தது. அதற்கு முன்பே 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்கள் தாக்கப்பட்டன. குடும்பங்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. 1989, 1990 காலத்தில் எம்பிலிப்பிட்டியவின் சிங்களப் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். 1994இல் சூரியகந்தையில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. இரண்டும் நம் மாவட்டத்து ஊர்கள். 2009 வரை நீண்ட போர், சோதனைச் சாவடிகள், தேடுதல்கள். துப்பாக்கி என்ற வடிவத்தைக் கண்டாலே நெஞ்சு பதறும் தாய்மார் இந்த மண்ணில் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். மேலும் இந்தக் கருவியின் முன்னோர்களுள் ஒன்று, 1950களில் அமெரிக்க வான்காப்புக் கணினித் திரைகளில் விமானப் புள்ளிகளைச் சுட்டிக்காட்ட இராணுவத்தினர் பிடித்த ஒளித்துப்பாக்கி. இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு வெறும் விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த மறுப்பின் ஒரு பாதியை நான் முழுதாக ஏற்கிறேன். வடிவம் தீங்கு செய்யும். வெளிநாடுகளும் இதை உணர்ந்தன. பொம்மைத் துப்பாக்கியை அசலிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் வேண்டும் என்று அமெரிக்கா 1988இல் சட்டம் இயற்றியது. நிண்டெண்டோவின் சாம்பல் நிறத் துப்பாக்கி செம்மஞ்சளாக மாறியது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணையில் செனட்டர் ஜோசப் லிபர்மன் கொனாமி என்ற விளையாட்டு நிறுவனத்தின் கைத்துப்பாக்கிக் கருவியைக் காட்டிக் கேள்வி எழுப்பினார். அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் ஏற்பாடு வந்தது. மறு பாதியை நான் ஏற்கவில்லை. துப்பாக்கியின்மேல் கொண்ட ஆசைதான் இந்த ஏக்கத்தின் வேர் என்றால், இன்று கைபேசியிலேயே கிடைக்கும் போர் விளையாட்டுகள் அதை எப்போதோ தணித்திருக்க வேண்டும். அவற்றில் துப்பாக்கிகள் எவ்வளவோ அச்சொட்டாக இருக்கின்றன. ஆனாலும் ஏக்கம் தணியவில்லை. பழைய மூன்று விளையாட்டுகளும் கேட்டது வேறொன்று. டக் ஹண்டில் மூன்று குண்டுகளே உண்டு. ஆத்திரத்தில் விசையை இழுப்பவர் தோற்பார். ஹோகன்ஸ் ஆலியில் மூன்று அட்டைகள் திரும்பும். அவற்றுள் குற்றமற்றவர்களை விட்டுவிடத் தெரிய வேண்டும். வைல்ட் கன்மேனில் எதிராளியின் கண் மின்னும் முன்பே சுட்டால் அது தவறாட்டம். மூன்றும் சோதித்தது கண்ணையும் கையையும் அடக்கத்தையும்தான்.

குறிபார்க்கும் இன்பம் துப்பாக்கியைவிட மிகப் பழையது. இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. இத்தீவின் பழங்கால மனிதனுக்கு இட்ட பலாங்கொடை மனிதன் என்ற பெயரால் இந்த ஊரை உலக ஆய்வாளர்கள் அறிவார்கள். புலத்சிங்களப் பகுதியிலுள்ள பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் இத்தீவின் மழைக்காட்டு மனிதர்கள் வில்லும் அம்பும் பயன்படுத்தினார்கள் என்று வாதிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அந்தக் கலைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. உயர்ந்த மரத்தில் தாவும் குரங்கையும் அணிலையும் வீழ்த்தக் கண்ணும் கையும் ஒன்றாக வேண்டும். அதுவும் உயிரைக் கொன்ற வேலைதான் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் மனிதன் அந்த ஆற்றலைக் கொலையிலிருந்து பிரித்தெடுத்து மாபிளாகவும் கிட்டியாகவும் வளையமெறிதலாகவும் மாற்றிக்கொண்டதே நாகரிகம். ஒளித்துப்பாக்கி அந்த வரிசையில் வருகிறது: எதையும் எறியாமல், எதையும் காயப்படுத்தாமல், வெளிச்சத்தைப் பார்ப்பதால் மட்டுமே நடந்த குறிபார்த்தல். அந்த உறுப்பைத் துப்பாக்கி வடிவத்திலிருந்து எடுத்து ஒரு டோர்ச் குழாய்க்குள் வைத்தாலும் விளையாட்டு குறையாது. நம் மண்ணில் அப்படித்தான் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது மறுப்பு நடைமுறையானது. விளையாட்டுகள் கணினியில் கிடைக்கின்றன. அசைவறியும் கருவியால் குறிபார்க்கும் வகையில் நிண்டெண்டோவே டக் ஹண்டை 2014இல் வீ யூ பெட்டிக்கு மீண்டும் வெளியிட்டது. கமெரா வைத்த புதிய துப்பாக்கிகள் தட்டைத் திரையிலும் வேலை செய்கின்றன. அப்படியிருக்கப் பழைய குழாயைக் கட்டிக்கொண்டு அழுவதேன் என்று கேட்கலாம். அந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். அவை வாத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. ஒரு படக் கறுப்பையும், வரிகளின் துடிப்பையும், அவற்றைக் கண்டு பொய்யைப் பிரித்தறிந்த எளிய மின்சுற்றையும் அவை காப்பாற்றவில்லை. அவற்றுக்கு அது தேவையும் இல்லை. புதிய கருவியின் உள்ளே நடப்பது நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டாது. பழைய துப்பாக்கியைச் சில திருகாணிகளைக் கழற்றித் திறந்தால், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் விளங்கிக்கொள்ளலாம். முழுவதையும் ஒருவர் புரிந்துகொள்ளக்கூடிய கருவிகள் அருகிவரும் காலம் இது. அவ்வாறான ஒன்றை இழப்பது கல்விக்கு நட்டம்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய இரும்புக் கடைக்குப் போகும் குழாய்த் தொலைக்காட்சிகளுள் இயங்கும் நிலையில் இருப்பவற்றில் ஒன்றையாவது இந்தப் பகுதியின் பாடசாலை ஆய்வுகூடம் ஒன்று ஏற்றுக்கொள்ளட்டும். வண்ணக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. அணைத்த பின்னும் அது தங்கும். கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. ஆகையால் மாணவர் எவரும் அதைத் திறக்கக்கூடாது. நம் ஊர்களில் இத்தனை ஆண்டுகள் டிவி திருத்திய பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, தெரிந்ததைச் சொல்லவைத்து, பதிவுசெய்ய வேண்டும். பாடநூலில் இல்லாத அறிவு அவர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கும் வயதாகிறது. ஒளி இருவாயி ஒன்றையும் அலைவுகாட்டி ஒன்றையும் வைத்து, குழாய்த் திரையின் ஒளியையும் தட்டைத் திரையின் ஒளியையும் மாணவர்கள் அளந்து ஒப்பிடட்டும். வினாடிக்கு 15,625 என்ற எண்ணைப் புத்தகத்தில் படிப்பதற்கும் தாமே அலைவடிவத்தில் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள். அதோடு, எந்த லயத்தில் எந்த ஆண்டில் முதல் பெட்டி வந்தது, பற்றரியை யார் சுமந்தார்கள், யார் யார் கூடி விளையாடினார்கள் என்பதைப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரிடம் கேட்டு எழுதட்டும். சிங்கள, முஸ்லிம் வீடுகளிலும் கேட்கட்டும். இந்த நினைவு எல்லோருக்கும் பொதுவானது.

ஏங்குபவர்களிடம் ஏங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எதை இழந்தீர்கள் என்று சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். சரியாகச் சொல்லத் தெரிந்த இழப்பை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகக் கொடுக்க முடியும். அந்தப் பாடத்தை நடத்தும் ஆட்களும் பொருட்களும் இன்னும் நம் நடுவே இருக்கும்போதே வேலையைத் தொடங்குவோம்.